பரியின் கால்: ஹனூர் – அந்தியூர் மலைவழியை முன்வைத்துக் குதிரைப் பராமரிப்பு வரலாறு

முன்னுரை

தமிழக வரலாற்றில் குதிரை பெற்ற இடம் பெரிதும் எண்ணிக்கையாலும் விலையாலும் மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. எத்துறைமுகத்தில் எத்தனை குதிரைகள் இறங்கின, அவற்றிற்கு எவ்வளவு பொன் கொடுக்கப்பட்டது என்பனவற்றை ஆய்வாளர்கள் விரிவாகக் கூறியுள்ளனர். இறங்கிய குதிரை எத்தனை காலம் தடையின்றி நடந்தது என்னும் வினா அந்த அளவிற்கு எழுப்பப்படவில்லை. ஊர்வதற்குரிய குதிரையின் பயன் முழுவதும் அதன் நான்கு கால்களையே சார்ந்தது. கால் தாங்கி நடக்கும் குதிரை உயிரோடிருந்தும் படைக்கும் பயணத்திற்கும் உதவாது. எனவே நொண்டலும் மூட்டுநோயும் மருத்துவச் செய்திகள் மட்டுமல்ல. ஓர் அரசின் பொருட்செலவையும் படைவலியையும் அளக்கும் வரலாற்றுச் சான்றுகளும் ஆகும்.

இவ்வினாவை ஆராய ஹனூர் வழி பொருத்தமான களமாகும். இன்று கர்நாடகத்தின் சாமராசநகர் மாவட்டத்தில் உள்ள ஹனூர், முன்பு கொள்ளேகால வட்டத்தைச் சார்ந்திருந்தது. அவ்வட்டம் 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்து, பின்னர் மைசூர் மாவட்டத்தோடும், 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தோடும் இணைந்தது. ஹனூரிலிருந்து இராமாபுரம், பர்கூர் மலை வழியாக அந்தியூருக்கு இறங்கும் பாதையும், மாதேசுவரன் மலையை ஒட்டிக் காவேரிபுரத்திற்கு இறங்கும் கணவாயும் மைசூர் மேட்டுநிலத்தையும் கொங்குச் சமவெளியையும் இணைப்பன. குதிரையின் காலைச் சோதிக்கும் மலைவழிகள் இவை. இவ்வழிகளில் ஏறி இறங்கிய குதிரைகளின் நிலையை உணர, அதற்கு முற்பட்ட இலக்கியச் சான்றுகளையும் கடற்கரைச் சான்றுகளையும் முதலில் காண்பது தேவையாகிறது.

சங்கப் பாடல்களில் தீனியும் நடையும்

தொல்காப்பிய மரபியல் ஒட்டகம், கழுதை முதலியவற்றோடு குதிரையின் பெண்ணையும் பெட்டை என வழங்கலாம் என்கிறது. இலக்கணம் பெயர் வகுக்கும் அளவிற்குக் குதிரை அறிமுகமான விலங்காக இருந்தது என்பது இதனால் விளங்கும். புறநானூற்றில் குதிரை மறம் என்னும் துறையில் அமைந்த பாடல்கள் சில உள. எருமை வெளியனார் பாடிய 273-ஆம் பாடல், பிறர் குதிரைகளெல்லாம் திரும்பிவரத் தன் வீட்டுக் குதிரை மட்டும் வாராமையை எண்ணிக் கலங்கும் பெண்ணின் கூற்றாக அமைகிறது. புலவர் பெயரில் உள்ள எருமை என்பதை, இன்றைய மைசூர்ப் பகுதியாகிய எருமை நாட்டோடு தொடர்புபடுத்துவர்.

பொன்முடியார் பாடிய 299-ஆம் பாடல் மேலும் கருதத்தக்கது. உளுந்தின் சக்கையைத் தின்று தளர்ந்த நடையுடன் நின்ற சீறூர் மன்னனின் குதிரை போரில் பகைப்படையைப் பிளந்து சென்றது. நெய் கலந்த உணவுண்ட பெருவேந்தரின் குதிரைகள் அஞ்சி ஒதுங்கி நின்றன என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் இதனை மறத்தின் சிறப்பாகவே கொண்டனர். எனினும் தீனியின் செழுமையும் குதிரையின் செயல்திறனும் ஒன்றல்ல என்னும் நாட்டறிவு இப்பாடலில் பதிந்திருப்பதையும் மறுக்க இயலாது. கவிதை மருத்துவ நூலன்று. ஆயினும் பாடலின் எதிர்நிலை தீனியை அடிப்படையாகக் கொண்டே அமைக்கப்பட்டுள்ளது.

கடல்வழி வந்த குதிரைகள்

பாண்டியர் காலக் குதிரை வணிகத்திற்கு மார்க்கோ போலோ, வசாப் ஆகியோரின் குறிப்புகள் முதன்மையான சான்றுகள். இவ்வகைக் குறிப்புகளைக் கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் தொகுத்துச் சென்னைப் பல்கலைக்கழக வாயிலாக 1939-இல் வெளியிட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, மாபார் நாட்டரசர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஈராயிரம் அளவில் குதிரை வாங்கியும் ஆண்டு முடிவில் நூறு கூட எஞ்சுவதில்லை என்கிறார். பராமரிக்கத் தெரியாமையும் குதிரை மருத்துவர் இல்லாமையுமே காரணம் என்பது அவர் கருத்து. வணிகர்கள் தம் விற்பனை குன்றாதிருக்க அம்மருத்துவர்களை இந்நாட்டிற்கு வரவிடுவதில்லை என்றும் அவர் கூறுகிறார். குதிரைக்கு அரிசியோடு சமைத்த இறைச்சி கொடுக்கப்பட்டதையும், சிறந்த ஆணும் பெண்ணும் கூடிப் பிறந்த குட்டியும் கால் கோணி, ஊர்வதற்குப் பயன்படாது போனதையும் குறிக்கிறார்.

பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வசாப், மாபார்த் துறைகளுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்றும், ஒன்றின் விலை 220 தீனார் என்றும் கணக்கிடுகிறார். வழியில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டது. வந்த குதிரைகளை நாற்பது நாள் முளையில் கட்டிவைத்து, வறுத்த தானியமும் வெண்ணெயும் ஊட்டிக் கொழுக்கச் செய்து, பின்னர் எவ்விதப் பயிற்சியுமின்றி வீரர்கள் கடுமையாக ஓட்டினர். வலிமையும் விரைவும் உடைய குதிரைகள் சில காலத்தில் தளர்ந்து பயனற்றுப் போயின என்பது அவர் தரும் செய்தி.

அயலவர் குறிப்புகளில் மிகையும் இகழ்ச்சியும் கலந்திருத்தல் இயல்பு. எண்ணிக்கைகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் ஒருவரையொருவர் சாராத இருவர், பிழை குதிரையிடம் இல்லை, வளர்ப்பு முறையில் உள்ளது என்று ஒத்துக் கூறுவது புறக்கணிக்கத்தக்கதன்று.

சான்றுகளின் மருத்துவப் பொருள்

வசாப் கூறும் நாற்பது நாள் முறையை இக்காலக் கால்நடை மருத்துவத்தின் துணையோடு நோக்கினால் அதன் விளைவு தெளிவாகிறது. மாவுப்பொருள் மிகுந்த தானியத்தைக் குதிரை அளவுக்கு மேல் உண்டால், செரியாத பகுதி பெருங்குடலைச் சென்றடைந்து புளிக்கிறது. அதன் தொடர்விளைவாகக் குளம்பின் உட்புறத் திசுவிழைகள் அழற்சியுறுகின்றன. குளம்புச் சுவரோடு உள்ளெலும்பைப் பிணைப்பவை இவ்விழைகளே. இவை தளர்ந்தால் எலும்பு தன் நிலையிலிருந்து பெயர்கிறது. குளம்பழற்சி எனப்படும் இந்நோய், குதிரையை நிரந்தர முடமாக்க வல்லது.

அசைவின்றி நெடுநாள் கட்டப்பட்ட குதிரையின் எலும்பும் தசைநாணும் மூட்டுக் குருத்தெலும்பும் உழைப்பைத் தாங்கும் திறனை இழக்கின்றன. அந்நிலையில் கூடிய உடல் எடையோடு திடீரென ஓட்டப்படும்போது தசைநாண் கிழிதலும் மூட்டுச் சிதைவும் நேர்கின்றன. அரிசியும் தவிடும் மிகுந்த தீனியில் சுண்ணச்சத்துக் குறைந்தும் எரியச்சத்து மிகுந்தும் இருப்பதால் எலும்பு மெலிந்து நொண்டல் தோன்றும் என்பதும் அறியப்பட்ட உண்மை. மார்க்கோ போலோ கண்ட கோணற்கால் குட்டிகளுக்கு இத்தகைய ஊட்டக்குறை ஒரு காரணமாக இருந்திருக்கலாம். வெப்பநிலை ஒன்றே குதிரைகளை அழித்தது என்னும் பொதுக்கருத்து இதனால் மறுபரிசீலனைக்கு உரியதாகிறது.

நூலறிவும் தொழிலறிவும்

குதிரை மருத்துவ அறிவு இந்திய மரபில் இல்லாத ஒன்றன்று. சாலிகோத்திரர் பெயரால் வழங்கும் மரபும், சயதத்தரின் அசுவவைத்தியகமும், நகுலன் பெயரிலான நூல்களும் உறுப்பிலக்கணம், வயது, தீனி, நோய், மருந்து ஆகியவற்றைப் பேசுகின்றன. நகுலனின் அசுவசாத்திரம் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தால் வண்ணப் படங்களுடன் 1952-இல் பதிப்பிக்கப்பட்டது. அரண்மனை ஏடுகளில் இருந்த இவ்வறிவு, கடற்கரையில் குதிரையைப் பெற்றுக் கட்டிய பணியாளரின் கைக்கு எட்டியதா என்பதே வினா. வசாப்பின் குறிப்பு எட்டவில்லை என்றே எண்ணச் செய்கிறது.

தமிழ் மரபு மயூரகதி, வானரகதி, வல்லியகதி, மல்லகதி, சரகதி என நடைகளுக்குப் பெயரிட்டுப் போற்றியது. சுழி பார்த்து நன்மை தீமை கூறும் வழக்கும் வலுவாக நிலைத்தது. குறையுற்ற நடைக்கோ முடம், நொண்டி என மனிதருக்கும் விலங்கிற்கும் பொதுவான சொற்களே வழங்கின. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் வளர்ந்த நொண்டி நாடகம் இங்கு நினைக்கத்தக்கது. அதில் நாயகன் குதிரை திருட முயன்று பிடிபட்டுக் காலை இழக்கிறான். பின்னர் இறையருளால் அதனைத் திரும்பப் பெறுகிறான். குதிரையை மையமாகக் கொண்ட இக்கதையிலும் நொண்டுபவன் மனிதனே. குதிரையின் நொண்டலுக்கு இலக்கியம் தனியிடம் வகுக்கவில்லை.

மலைவழியும் உடைமை முறையும்

மைசூர் அரசின் காலத்தில் குதிரைப்படை வேறொரு நிலையை எய்தியது. திப்பு சுல்தான் காலத்தோடு தொடர்புடைய குணிகல் குதிரைப்பண்ணை உள்நாட்டு வளர்ப்பிற்குச் சான்றாகும். பின்னர் ஆங்கிலேயர் ஓசூரை அடுத்த மத்திகிரியில் படைக்குதிரைப் பண்ணையை நடத்தினர். இக்காலத்தில் குதிரையின் உடைமை முறை கவனத்திற்குரியது. அரசின் குதிரையில் ஏறுபவர் பார்கீர் எனப்பட்டார்; தம் சொந்தக் குதிரையோடு பணிக்கு வருபவர் சில்லேதார் எனப்பட்டார். 1807-ஆம் ஆண்டு உடன்படிக்கை மைசூர் அரசு 4,000 குதிரைவீரரைப் பேண வேண்டும் என வரையறுத்தது. அப்படையினர் சில்லேதார்களாகவே அறியப்பட்டனர். குதிரை நொண்டினால் இழப்பு சில்லேதாரைச் சாரும். ஆதலின் தீனியை அளந்திடவும், மலையிறக்கத்தில் இறங்கி நடத்திச் செல்லவும், குளம்பைப் பார்த்து இலாடம் மாற்றவும் அவருக்குத் தன்னலமே தூண்டுகோலாயிற்று எனக் கருதலாம். பாண்டியர் காலத்தில் இழப்பு அரசின் கருவூலத்தைச் சார்ந்தது. பராமரிப்பவரின் கையை அது சுடவில்லை.

ஹனூர் வழியின் மறுமுனையாகிய அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் இன்றும் குதிரைச் சந்தை கூடுகிறது. கத்தியவார், மார்வாரி இனங்களும் நாட்டு மட்டக்குதிரைகளும் அங்கு விலைபேசப்படுகின்றன. திப்பு சுல்தான் காலத்தோடு இச்சந்தையை இணைக்கும் செவிவழிச் செய்தியும் உண்டு. சுழி பார்க்கும் மரபும் நடத்திப் பார்க்கும் மரபும் இத்தகைய சந்தைகளில் அருகருகே நிலவுகின்றன. குதிரையைக் கடினத் தரையில் கயிற்றில் பிடித்துத் துள்ளுநடையில் செலுத்தினால், நோயுற்ற முன்கால் ஊன்றும்போது தலை மேலெழும். நலமுள்ள கால் ஊன்றும்போது தாழும். மருத்துவர் நொண்டலைக் கண்டறியும் முதற்படியும் இதுவே.

இக்கால மருத்துவம்

ஐரோப்பாவில் இலியோன் நகரில் 1762-இலும் இலண்டனில் 1791-இலும் கால்நடை மருத்துவப் பள்ளிகள் செயற்படத் தொடங்கின. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தோன்றியது. 1895-இல் கண்டறியப்பட்ட ஊடுகதிர், மூட்டினுள் நிகழும் எலும்பு வளர்ச்சியைக் காண வழிசெய்தது. வீங்கிய காலுக்குச் சூடு போடும் முறை கீழைநாட்டிலும் மேலைநாட்டிலும் நெடுங்காலம் வழங்கியது. அதனால் பயனில்லை என்பதே இக்கால மருத்துவத்தின் முடிவு.

தேய்ந்த குருத்தெலும்பு மீள வளர்வதில்லை. ஆகவே மூட்டழற்சியை முற்றிலும் நீக்க இயலாது, கட்டுப்படுத்தவே இயலும். உடல் எடையைக் குறைத்தல், ஆறு முதல் எட்டு வாரத்திற்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கிச் சமன்செய்தல், மருத்துவர் அறிவுரைப்படி அழற்சி நீக்கும் மருந்து தருதல், கட்டிவைக்காமல் மென்தரையில் நாள்தோறும் அளவாக நடத்துதல் ஆகியன இன்றைய வழிமுறைகள். நோய் தொடக்கத்திலேயே அறியப்பட்டால் குதிரை மெல்லிய பணிக்குப் பல ஆண்டுகள் பயன்படும். வசாப் கண்ட முறைக்கு இது நேர்மாறானது: அங்குக் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்து பின் கடுமையாக ஓட்டினர், இங்கு இளைக்கச் செய்து இடைவிடாது மெல்ல நடத்துகின்றனர்.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, பாண்டியர் காலக் குதிரை இழப்பிற்குத் தட்பவெப்பத்தோடு தீனியும் அசைவின்மையும் பயிற்சியின்மையும் வலுவான காரணங்கள். இரண்டாவது, மருத்துவ நூல் இருத்தலும் அந்நூலறிவு பராமரிப்பவரிடம் சேர்தலும் வெவ்வேறு. மூன்றாவது, இழப்பைச் சுமப்பவர் யார் என்பதைப் பொறுத்தே கவனிப்பின் தரம் அமைந்தது. குதிரை வணிகத்தின் வரலாறு துறைமுகக் கணக்கோடு முடிவதில்லை. மலைவழியிலும் கொட்டிலிலும் அக்குதிரை நின்ற நிலையையும் சேர்த்து ஆராய்ந்தால்தான், செலவிட்ட பொன்னுக்கு நாடு பெற்ற பயன் எவ்வளவு என்பது விளங்கும்.