கண் வரிசையும் நாக்கு வரிசையும்

2010 ஜூன் 24, வியாழக்கிழமை. உடுமலைப்பேட்டையில் விடியுமுன் பஸ் ஏறி, பொள்ளாச்சி தாண்டி உக்கடத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து அவினாசி சாலைக்குப் போனேன். கொடிசியா வளாகத்துக்கு வெகுதூரம் முன்பே பஸ் நின்றுவிட்டது. மீதியை நடந்தேன். உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டைக் குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் முதல் நாள்தான் தொடங்கி வைத்திருந்தார். சாலையெங்கும் தலைகள். முக்கால்வாசிப் பேர் கண்காட்சி பார்க்கப் போனார்கள். நான் போனது அதே வளாகத்தில் நடந்த ஒன்பதாவது தமிழ் இணைய மாநாட்டுக்கு.

எனக்கு அப்போது நாற்பது வயது. இருபது வருடமாகத் தமிழ் தட்டச்சுதான் எனக்குச் சோறு போட்டது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கேள்வித்தாள், ஆய்வேடு என்று லட்சக்கணக்கான எழுத்துகளை அடித்திருக்கிறேன். அந்த எழுத்து கணினிக்குள் எப்படி இருக்கிறது என்று பேசுகிற கூட்டம் ஒன்றில் கால் வைத்தது அதுவே முதல் தடவை. எங்கள் கடைக்கு ஆய்வேடு கொண்டுவரும் தமிழாசிரியர் ஒருவர்தான், "நீங்க தினமும் அடிக்கிற எழுத்தைப் பத்தித்தாங்க அங்க பேசறாங்க, போய்ட்டு வாங்க" என்று பெயரும் பதிந்து கொடுத்தார்.

அங்கே ஓர் அரங்கத்துக்கு உமர்தம்பி பெயரை வைத்திருந்தார்கள். பலகையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவரிடம் யார் இவர் என்று கேட்டேன். அதிராம்பட்டினத்துக்காரர், தேனீ எழுத்துருவைச் செய்தவர், 2006 ஜூலையில் காலமாகிவிட்டார் என்றார். எங்கள் கடையில் இருந்த பழைய விண்டோஸ் 98 கணினியில் இணையத்துத் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில், தேனீ இருந்த பக்கங்கள் மட்டும் படிக்கிற மாதிரி திறந்தன. அதைச் செய்தவருக்கு ஓர் ஊரும் பேரும் இருந்ததை அந்த வாசலில்தான் அறிந்தேன். என் விரல் தொட்ட ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஓர் ஆள் இருப்பார் என்ற எண்ணத்தோடு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

என் தொழிலின் தொடக்கத்தைச் சொல்ல வேண்டும். 1990இல் நான் வேலைக்குச் சேர்ந்த அச்சகத்தில் ஈய எழுத்துதான். அச்சுக்கோர்க்கும் பெரியவர் ஒருவர், எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கும் கேஸுக்கு முன்னால் நின்றபடியே காலம் முழுக்க வேலை செய்தவர். ஐயா என்றுதான் கூப்பிடுவேன். ‘கொ’ கோர்க்க வேண்டுமென்றால் அவர் கை முதலில் கொம்பு எடுக்கும், பிறகு க, பிறகு கால். கண்ணுக்கு இடமிருந்து வலமாக எப்படித் தெரிகிறதோ அந்த வரிசை. நான் இன்ஸ்டிட்யூட்டில் கற்ற டைப்ரைட்டரும் அதே வழிதான். கொம்பைத் தட்டிவிட்டுத்தான் க. புள்ளி விசையைத் தட்டினால் வண்டி நகராது. புள்ளி விழுந்த இடத்திலேயே மெய்யெழுத்து வந்து விழும். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையாவைத் தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை என்பார்கள். அவர் தொடங்கி வைத்த வழியில்தான் எங்கள் விரல்கள் பழகின.

ஐயாவிடம் ஒரு கதை உண்டு. பெரியார் 1935 முதல் குடி அரசில் அச்சிட்டுக் காட்டிய சீர்திருத்த எழுத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978இல் ஏற்றுக்கொண்டது. துதிக்கை வைத்த பழைய லை, ளை, னை, ணை, சுழித்த ணா, றா, னா என்று மொத்தம் 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. கேஸில் அந்த அறைகளைக் காலி செய்து ஈயத்தை உருக்கக் கொடுத்தார்களாம். பிறகும் அவர் கை பல மாதம் அந்தக் காலி அறைகளுக்கே போய்க்கொண்டிருந்தது. "அம்மிணி, எழுத்த மாத்தறதுக்கு அரசாங்கம் ஒரு காயிதம் போட்டாப் போதும். இந்தக் கை மாறறதுக்குத்தான் வருசமாகும்" என்பார்.

1993இல் முதலாளி கணினியும் லேசர் பிரிண்டரும் வாங்கினார். பேஜ்மேக்கர் வந்தது. இரண்டே வருடத்தில் எழுத்துக் கேஸ்கள் பின்கட்டுக்குப் போயின. ஐயா மெய்ப்புப் பார்க்கும் நாற்காலிக்கு மாறினார். நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அன்றைய எழுத்துருவில் மொத்தமே 256 இடங்கள், அதில் பாதி ஆங்கிலத்துக்கு உரியது. தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247. அதனால் எழுத்துரு செய்தவர்கள் கொம்பு, கால், சுழி என்று துண்டு போட்டு, தங்களுக்குத் தோன்றிய அறையில் தோன்றிய துண்டை வைத்தார்கள். ஒருவர் க வைத்த இடத்தில் இன்னொருவர் ஞ வைத்திருப்பார்.

1998இல் பக்கத்து ஊரில் அடித்த ஒரு கல்லூரி மலரை ஃபிளாப்பியில் கொண்டுவந்தார்கள். திறந்தால் ஒரு வரியும் படிக்க முடியவில்லை. அந்த எழுத்துரு எங்களிடம் இல்லை, கிடைக்கவும் இல்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து எண்பது பக்கத்தையும் மறுபடி அடித்தேன். ஐயா பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் கொடுத்தார். ஈயத்தில் கோர்த்ததை எந்த ஊர்க்காரரும் படிக்கலாம், கணினியில் அடித்ததை அடுத்த தெருக்காரர் படிக்க முடியவில்லையே என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தேடிக் கடல் கடந்த ஊர்களில் எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். அன்று அரங்கில் கேட்டதும் பின்னால் தேடிப் படித்ததுமாக அந்தக் கதை எனக்குக் கோவையாகக் கிடைத்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் எண்பதுகளிலேயே முரசு மென்பொருளில் இறங்கிவிட்டார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்தார். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியதிலும் அவருக்குப் பெரும்பங்கு. சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 1995இலேயே தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டியவர். ஒவ்வொருவரும் தன் வழியில் சரியாகவே செய்தார்கள். வழிகள் சேரவில்லை.

சேர்த்து வைக்க 1997 மே மாதம் சிங்கப்பூரில் கோவிந்தசாமி முதல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். 1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் தமிழ்நெட் 99. மு. ஆனந்தகிருஷ்ணன் முன்னின்று நடத்திய அந்த மாநாட்டின் விளைவாகத்தான் ஒரே விசைப்பலகை, எல்லோருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு என்ற முடிவு பிறந்தது. ஆங்கிலமும் தமிழும் கலந்து எழுத டேப், தமிழ் மட்டும் எழுத டேம், விசைப்பலகைக்குத் தமிழ்99. தமிழக அரசின் ஆணை அந்த வருடம் ஜூன் மாதம் வந்தது. மே மாதமே கோவிந்தசாமி காலமாகிவிட்டார். முதல் கூட்டத்தைக் கூட்டியவர் அந்த ஆணையைப் பார்க்கவில்லை என்பதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

2000 ஜூலையில் மறுபடி சிங்கப்பூரில் கூடியபோது உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம், சுருக்கமாக உத்தமம், உருவானது. பிறகு கோலாலம்பூர், கலிபோர்னியா, சென்னை, சிங்கப்பூர், ஐந்து வருட இடைவெளிக்குப் பின் 2009இல் ஜெர்மனியின் கொலோன் என்று மாநாடு ஊர் ஊராகப் போய், 2010இல் எங்கள் கொங்கு மண்ணுக்கு வந்தது. எனக்குப் பஸ் தூரத்துக்கு வந்ததால்தான் என்னால் போக முடிந்தது.

நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் பேச்சு ஒருங்குறியைச் சுற்றியே இருந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் ஒரே அட்டவணையான அதில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. இந்திய அரசின் இஸ்கி குறியீட்டை ஒட்டித் தமிழுக்கு 128 அறைகளே ஒதுக்கினார்கள். அதில் ‘க’வுக்கு அறை உண்டு; ‘கி’ என்றால் க, அடுத்து இகரக் குறி; ‘க்’ என்றால் க, அடுத்து புள்ளி. தமிழ் இலக்கணத்தில் மெய்யோடு உயிர் சேர்ந்துதானே உயிர்மெய், இங்கே உயிர்மெய்யில் புள்ளி வைத்து மெய்யைப் பெற வேண்டியிருக்கிறதே என்று ஒரு சாரார் வருந்தினார்கள். 247 எழுத்துக்கும் தனித்தனி அறை தரும் டேஸ்16 குறியீடு அவர்கள் முன்வைத்த வழி. உலகத்துக் கணினிகள் எல்லாம் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்ட பிறகு நாம் தனி வழி போனால் மறுபடி பழைய தீவுகளாகிவிடுவோம் என்றார்கள் மறு சாரார். அரசாணை முதல் நாள் தேதியிலேயே, ஜூன் 23 அன்றே, வந்திருந்தது: தரம் ஒருங்குறி, அது சரிவர இயங்காத மென்பொருளுக்கு மாற்றாக டேஸ்16.

இரண்டு சாராரும் தமிழ் மீதுள்ள அக்கறையில்தான் பேசினார்கள் என்பது முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. காலையில் மறுத்துப் பேசியவரும் மறுக்கப்பட்டவரும் மதியம் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். 1997 முதல் உடன்பாடு இப்படித்தான் வந்திருக்கும் என்று தோன்றியது.

கேள்வி நேரத்தில் கை தூக்கினேன். மைக்கைப் பிடித்த கை நடுங்கியது. பதினேழு வருடமாக நான் அடித்து வைத்த கோப்புகள் எல்லாம் பழைய எழுத்துருவில் இருக்கின்றன, அவற்றுக்கு என்ன வழி என்று கேட்டேன். மேடையில் சுருக்கமாகப் பதில் சொன்னார்கள். தேநீர் இடைவேளையில் மலேசியாவிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் தேடி வந்தார். "கோப்பு கையில இருக்காக்கா? காட்டுங்க" என்றார். பென் டிரைவில் 1994இல் அடித்த ஒரு பள்ளி வெள்ளிவிழா மலர் இருந்தது.

அவர் மடிக்கணினியில் திறந்தார். எந்த அறையில் எந்தத் துண்டு இருக்கிறது என்று ஒன்றொன்றாக என்னிடம் கேட்டு அட்டவணை போட்டார். பிறகு முக்கியமான ஒன்றைச் சொன்னார். பழைய கோப்பில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று கிடக்கிறது. ஒருங்குறியில் க முதலில், ஒகரக் குறி அடுத்து. கண் பார்க்கிற வரிசையை நாக்கு சொல்கிற வரிசையாகத் திருப்ப வேண்டும். ஐயாவின் கேஸிலிருந்து இந்த மேசை வரைக்கும் எங்கள் தொழில் வந்த தூரம் எனக்கு அந்த ஒரு எழுத்தில் புரிந்தது. கோப்பு மாறி முடிந்ததும் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். மெய்ப்பு என்ற சொல்லுக்கு எதிரே ஐயாவின் பெயர் பிழையில்லாமல் இருந்தது. அவர் தவறி அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது.

அந்த இளைஞரே தமிழ்99ஐயும் தட்டிக் காட்டினார். ஆணை வந்து பதினொரு வருடமாகியும் நான் பழைய தட்டச்சு முறையை விடவில்லை. உயிரெழுத்தெல்லாம் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுகிறது. ங தட்டிக் க தட்டினால் ங்க ஆகிறது. பழைய முறையில் ‘அம்மா’வுக்கு ஐந்து தட்டல்: அ, புள்ளி, ம, ம, கால். இதில் நான்கு: அ, ம, ம, ஆ. வாய் எப்படிச் சொல்கிறதோ அப்படியே விரல் போகிறது.

ஊருக்குத் திரும்பியதும் மாற்றிக்கொண்டேன். மூன்று வாரம் ஒரு பக்கம் அடிக்க ஒரு மணி நேரம் ஆனது. விரல் கொம்பைத் தேடித் தேடிப் போனபோதெல்லாம் காலி அறைக்குப் போன ஐயாவின் கையை நினைத்துக்கொண்டேன். ஆடி முடிவதற்குள் பழைய வேகம் திரும்பியது. மாலை நேரங்களில் பழைய கோப்புகளை அந்த அட்டவணையை வைத்து ஒவ்வொன்றாக மாற்றினேன். அந்த வேலை முடிய ஒன்றரை வருடம் பிடித்தது.

இப்போது கடைக்குத் தட்டச்சு கற்க வரும் பெண்பிள்ளைகளுக்கு முதல் நாள் விசைகளைச் சொல்லித் தருவதில்லை. முத்தையாவில் தொடங்கி, கோவிந்தசாமி, உமர்தம்பி, பின்கட்டில் கிடக்கும் கேஸுக்குச் சொந்தக்காரரான ஐயா என்று ஆட்களைச் சொல்கிறேன். மறுநாள்தான் அ, ம, ம, ஆ.