உளவுத்துறை

ஆட்சிக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் வேண்டிய செய்திகளை மறைவாகத் திரட்டி, ஒப்பிட்டு ஆராய்ந்து, ஆள்வோரிடம் சேர்க்கும் அரசு அமைப்பு உளவுத்துறை. பிற நாட்டு ஒற்றரைக் கண்டுபிடிப்பதும் இதன் வேலையே. இந்தியாவில் உள்நாட்டு உளவை ஐ.பி.யும், வெளிநாட்டு உளவை 1968-இல் அதிலிருந்து பிரிந்த ‘ரா’வும் கவனிக்கின்றன.

தமிழகத்தில் ஒற்று மிகப் பழையது. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் வந்த புலவர் இளந்தத்தனை ஒற்றன் எனக் கருதி அங்கிருந்த சோழன் நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, கோவூர்கிழார் பாடி அவரை மீட்டார் (புறநானூறு 47). பரிசில் தேடி நாடு விட்டு நாடு செல்லும் புலவர் மேல் அரசனுக்கு ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. சிலப்பதிகாரக் காட்சிக் காதையில், சேரன் செங்குட்டுவனின் வடநாட்டுப் படையெடுப்பை அங்குள்ள மன்னர்களுக்கு ஓலை எழுதி அறிவிக்கலாம் என்கிறான் அவன் அவையைச் சேர்ந்த வில்லவன்கோதை. அமைச்சன் அழும்பில்வேளோ, அம்மன்னர்களுடைய ஒற்றர் சேரர் தலைநகர் வஞ்சியின் வாயிலை விட்டு அகல்வதே இல்லை, ஊரில் பறையறைந்தால் போதும் என்கிறான்.

இத்துறையின் இலக்கணம் எனத் தக்கது திருக்குறளின் 59-ஆம் அதிகாரமான ஒற்றாடல். அதிகாரிகள், சுற்றத்தார், பகைவர் ஆகிய மூவரையும் ஆராய்பவனே ஒற்றன். அவன் துறவி வேடத்திலும் செல்வான்; பிடிபட்டு வதைபட்டாலும் வாய் திறக்கமாட்டான். ஒருவன் கொணர்ந்த செய்தியை இன்னொருவனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால்தான் நம்பலாம். ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்வது கூடாது. செய்தால் மறைபொருள் வெளிப்பட்டுவிடும்.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் ஒற்றரை இரண்டாகப் பிரிக்கிறது. ஓரிடத்தில் தங்கியிருப்போர் மாணவன், துறவு துறந்தவன், உழவன், வணிகன், தவசி என்னும் கோலங்களில் இருப்பர். சுற்றித் திரிவோருள் நஞ்சிடுவோனும் கொலைக்கு அஞ்சாதவனும் உண்டு. வள்ளுவர் ஒற்றனுக்குக் கொலைத்தொழில் தரவில்லை. ஆகவே அவர் கௌடில்யரை அப்படியே பின்பற்றினார் என்பது பொருந்தாது.

ஆங்கிலேயர் காலத்தில், 1902–03 ஃபிரேசர் ஆணையத்தின் பரிந்துரைப்படி மாகாணங்களில் சி.ஐ.டி. பிரிவுகள் அமைந்தன. 1908 முதல் 1918 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் தங்கிய பாரதியை சி.ஐ.டி.யினர் விடாது கண்காணித்தனர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டபின், புதுச்சேரியிலிருந்த அரவிந்தர், வ.வே.சு. ஐயர் முதலியோர் மீதும் கெடுபிடி முற்றியது. அடைக்கலம் தந்த பிரெஞ்சு மண்ணிலேயே ஒற்றர் மலிந்தனர்.

இன்று மாநிலக் காவல்துறையில் தனிப்பிரிவு, நக்சலைட்டுகளைக் கண்காணிக்கத் தொடங்கிய கியூ பிரிவு, மாநகரங்களில் நுண்ணறிவுப் பிரிவு ஆகியவை உள்ளன. மதுரைக் கோரிப்பாளையத்தில் அக்டோபர் 30 அன்று முத்துராமலிங்கத் தேவர் சிலைக்கு மாலையிட வரும் கூட்டத்தை முன்கூட்டிக் கணிப்பது போன்றவை இவர்களின் பணிகளுள் அடங்கும். ஐ.பி.யும் ராவும் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டவை அல்ல. ஊழல், மனித உரிமை மீறல் குறித்த தகவல்களைத் தவிர, 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தாது.