மூன்று மாதக் கணக்கு

போன வாரம் என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 116. மகிழ்ந்தேன். அதே தாளில் ஹெச்பிஏ1சி 8.2. ஆய்வகத்தில் தப்பு செய்துவிட்டார்கள் என்று சண்டைக்கே கிளம்பினேன். அதற்கு முன் கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

என் அப்பா காலத்தில் சிறுநீரைத்தான் சோதிப்பார்கள். பெனடிக்ட் கரைசலின் நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், செங்கல் நிறமாகும். அது சில மணி நேரத்து நிலவரம் மட்டுமே. பச்சை என்றதும் நிம்மதியாகிவிடுவார். கடைசியில் ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று.

டெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ரஹ்பர் ஹீமோகுளோபின் வகைகளை ஆராய்ந்தபோது, சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். 1968இல் அதை வெளியிட்டார். சர்க்கரை ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அதனால் இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் பதிந்துவிடுகிறது. சிகிச்சையில் சர்க்கரை குறைந்தால் இதுவும் குறைகிறது என்று 1976இல் நியூயார்க்கில் கோனிக், செராமி குழுவினர் காட்டினார்கள்.

இரும்புச்சத்துக் குறைவு, ரத்தச்சோகை இருந்தால் இந்த எண்ணும் ஏமாற்றலாம். மருத்துவர் அதையும் சோதித்தார். எனக்கு அப்படி எதுவும் இல்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் படிக்கிற பையன்களை முப்பது வருடம் கண்டித்தவன் நான். சோதனைக்கு முன் நாலு நாள் மட்டும் இனிப்பைத் தொடாமல் இருந்ததும் நான்தான். ஆய்வகத்தின் மேல் தப்பில்லை.

நீங்களும் இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள்.