1 லட்சம் மைலுக்கு அப்புறமும் ஓடுமா? கோல்டுவிங் வைத்திருப்பவர்கள் சொல்லும் நிஜம்!

நேரில் பார்க்காவிட்டாலும் ரீல்ஸில் கண்டிப்பாகப் பார்த்திருப்பீங்க. வீட்டு சோஃபா மாதிரி சீட், பின்னாடி பீரோ சைஸில் பெட்டி, ஸ்பீக்கரில் பாட்டு, ரிவர்ஸ் கியர் வேற! ஹோண்டா கோல்டுவிங். நம்ம ஊரில் ஆன்ரோடு விலை 40 லட்சத்தைத் தாண்டும் என்பதால், நம்மில் பலருக்கு இது லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடும் பைக்தான். ஆனால் அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 15, 20 வருஷப் பழைய கோல்டுவிங்கை செகண்ட் ஹேண்டில் வாங்கி, மாகாணம் மாகாணமாகச் சுற்றுபவர்கள் ஏராளம். ஓடோமீட்டரில் 1 லட்சம் மைல் (சுமார் 1.6 லட்சம் கி.மீ) என்று இருந்தால் அங்கே யாரும் அலறுவதில்லை. 'சர்வீஸ் ரெக்கார்டு இருக்கா?' என்றுதான் கேட்கிறார்கள்.

எப்படி இவ்வளவு உழைக்கிறது? எங்கே காலை வாருகிறது? பெரிய டூரிங் பைக் எதையாவது பழசாக வாங்கும் ஆசை உங்களுக்கு இருந்தால், இந்த ஒரு பைக்கின் 50 வருஷக் கதையில் நிறைய பாடம் இருக்கிறது.

அலட்டிக்கொள்ளாத இன்ஜின்

1974-ல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் ஜிஎல்1000 என்ற பெயரில் அறிமுகமானது முதல் கோல்டுவிங். 999 சிசி, நான்கு சிலிண்டர், லிக்விட் கூலிங், செயினுக்குப் பதில் ஷாஃப்ட். பெட்டியும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. 1980-ல் வந்த ஜிஎல்1100 இன்டர்ஸ்டேட்தான் கம்பெனியிலிருந்தே பெட்டி, கண்ணாடியோடு வந்த முதல் மாடல். 1988-ல் ஆறு சிலிண்டர் ஜிஎல்1500. 2001-ல் 1832 சிசி ஜிஎல்1800. 2018-ல் எடையைக் குறைத்து முழுசாக மாற்றிய இப்போதைய மாடல்.

இதில் நீண்டகால உழைப்புக்குப் பேர்போனவை 1500-ம், 2001-ல் ஆரம்பித்த 1800-ம்தான். காரணம் ரொம்ப சிம்பிள். 1800-ன் ரெட்லைனே 6,000 ஆர்பிஎம்தான். நம்ம 150 சிசி பைக்குகள் அந்த நேரத்தில் அப்போதுதான் உற்சாகமாகவே ஆரம்பிக்கும்! ஹைவே வேகத்தில் கோல்டுவிங் இன்ஜின் அதில் பாதியில்தான் சுற்றும். சிலிண்டர்கள் இடமும் வலமுமாகப் படுத்திருப்பதால், ஒரு பக்க பிஸ்டனின் அசைவை மறுபக்கம் சமன் செய்துவிடும். அதிர்வு குறைவு, சூடு கட்டுக்குள், அவசரம் இல்லை. தேய்மானத்துக்கு வேலையே குறைவு. இன்ஜினைத் திறக்காமலேயே 2 லட்சம் மைலைத் தாண்டிய வண்டிகள் இருப்பது இதனால்தான்.

அப்போ பிரச்னையே இல்லையா? இருக்கு பாஸ். ஆனால் பெரும்பாலும் இன்ஜினுக்குள் இல்லை, அதைச் சுற்றித்தான்.

பின் பிரேக்: இதை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க

ஜிஎல்1800-ல் முன் பிரேக்கும் பின் பிரேக்கும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. முன் பிரேக்கைப் பிடித்தால் இடதுபக்க காலிபர் லேசாக நகர்ந்து, ஃபோர்க்கில் இருக்கும் இரண்டாவது மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும். அது பின் பிரேக்கையும் பிடிக்க வைக்கும். நல்ல ஐடியாதான். ஆனால் அந்தக் குட்டி மாஸ்டர் சிலிண்டருக்குள் பிரேக் ஆயில் திரும்பி வருவதற்கு ஒரு சின்னத் துளை இருக்கிறது. ஆயிலை மாற்றாமல் வருஷக்கணக்கில் விட்டால், அழுக்கு சேர்ந்து அந்தத் துளை அடைத்துக்கொள்ளும். நீங்கள் பிரேக்கை விட்டாலும், பின் பிரேக் விடாது. ஓட ஓட டிஸ்க் சூடேறும், சூட்டில் ஆயில் விரியும், பிடி இன்னும் இறுகும். ஹைவேயில் இப்படி நடந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். தீப்பிடிக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

இது கற்பனை பயம் இல்லை. 2011 டிசம்பரில், 2001 முதல் 2010 வரையிலான மாடல்களையும் 2012 மாடலையும் இதற்காகவே ஹோண்டா திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 1 லட்சத்து 26 ஆயிரம் வண்டிகள். 2014-ல் அதே பிரச்னைக்காக மறுபடியும் அழைக்க வேண்டி வந்தது. (நடுவில் 2011 மாடலே ஏன் இல்லை என்கிறீர்களா? அமெரிக்காவின் ஒஹையோ தொழிற்சாலையை மூடிவிட்டு, உற்பத்தியை ஜப்பானின் குமாமோட்டோவுக்கு மாற்றிய கேப் அது.)

பழைய கோல்டுவிங்காரர்கள் இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பது. பிறகு முன்பக்க இடது காலிபரைக் கையால் தள்ளி விட்டுவிட்டு, மறுபடியும் சுற்றிப் பார்ப்பது. தள்ளும்போது சக்கரம் நிற்க வேண்டும். விட்டதும் உடனே லேசாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றியவர்களுக்கு இந்தத் தலைவலி ரொம்பவே குறைவு. உண்மையைச் சொல்கிறேன், இதை எழுதும்போதுதான் என் ஸ்கூட்டரில் பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினேன் என்று யோசித்தேன். ஞாபகமே வரவில்லை!

ஆரம்பகால 1800-களில் சேஸி வெல்டிங்குக்கு ஒரு ரீகால், இன்ஜின் ஓவர்ஹீட் ஆகிறது என்ற புகார்கள், 2006-க்குப் பிறகு வந்த ஏர்பேக் மாடல்களில் தகாட்டா ஏர்பேக் ரீகால் என்று பட்டியல் நீளும். இதெல்லாம் முடிக்கப்பட்ட வண்டியா என்பதை அங்கே சேஸி நம்பரை வைத்தே பார்த்துவிடலாம்.

கம்மி கிலோமீட்டர் என்ற கண்ணி

'20 வருஷ வண்டி சார், 15,000 மைல்தான் ஓடியிருக்கு, ஷெட்டிலேயே நின்னது!' கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அனுபவசாலிகள் இதைக் கேட்டால் ரெண்டடி பின்னால் போவார்கள்.

ஜிஎல்1000 முதல் ஜிஎல்1500 வரை வால்வுகளை இயக்குவது ரப்பர் டைமிங் பெல்ட். ரப்பருக்கு ஓட்டமும் வயசு, காலமும் வயசு. ஓடாமல் நின்றாலும் அது காய்ந்து விரிசல் விடும். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும், வால்வு வளையும். அதோடு, லட்சம் மைல் ஓட வேண்டிய இன்ஜின் அங்கேயே முடிந்தது. பெல்ட்டின் விலையோ அந்த சேதத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதனால், பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாத பழைய 1500-ஐ வாங்கினால், முதல் வேலையாக அதை மாற்றுகிறார்கள். 1800-ல் செயின் என்பதால் இந்தக் கவலை கிடையாது.

1984 முதல் 1987 வரை வந்த ஜிஎல்1200-ல் தொல்லை வேறு. பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கும் ஸ்டேட்டர், இன்ஜினின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். அது போனால், மாற்றுவதற்கு இன்ஜினையே சேஸியிலிருந்து கீழே இறக்க வேண்டும்! அதற்கு மெக்கானிக் கேட்கும் கூலி சில நேரம் வண்டியின் விலையையே நெருங்கிவிடும். கடுப்பான உரிமையாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கார் ஆல்டர்னேட்டரை வாங்கி, இன்ஜினின் முன்னால் பொருத்தி, பெல்ட் போட்டு ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 'ஏழைப் பையன் மாற்றம்' என்பதுபோல ஒரு செல்லப்பெயர்கூட இதற்கு உண்டு. பார்க்க அழகில்லைதான். ஆனால் வேலை செய்கிறது.

டயர் மாற்றும்போது ஒரு கேள்வி

ஷாஃப்ட் வண்டி என்றால் செயின் லூப் வேண்டாம், அட்ஜஸ்ட்மென்ட் வேண்டாம் என்று சந்தோஷப்படுவோம். பாதி உண்மை. ஷாஃப்டின் சக்தி பின்சக்கரத்துக்குப் போவது பல் பல்லாக இருக்கும் ஸ்ப்லைன் வழியாக. ஜிஎல்1500 வரையிலான மாடல்களில் பின் டயரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அதைத் துடைத்து, மாலிப்டினம் கலந்த கிரீஸ் தடவ வேண்டும். டயர் கடைக்காரர் அவசரத்தில் இதை விட்டுவிட்டால், காய்ந்துபோன பற்கள் மெல்ல மெல்லத் தேயும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. ஒருநாள் ஊருக்கு நடுவிலோ, நட்ட நடு ஹைவேயிலோ இன்ஜின் உறுமும், வண்டி நகராது. 'கிரீஸ் வெச்சீங்களா?' என்று கேட்டு, பக்கத்திலேயே நின்று பார்ப்பது பழைய ஆட்களின் பழக்கம்.

ஏர் ஃபில்டர் பற்றியும் சொல்லணும். 1800-ல் அதைத் தொட வேண்டும் என்றால் மேலே இருக்கும் பிளாஸ்டிக்கை எல்லாம் கழற்ற வேண்டும். முதல்முறை செய்பவருக்கு ஒரு மதியம் போய்விடும், கூடவே ரெண்டு மூணு கிளிப்பும் உடையும். அதனாலேயே பலர் அதைத் தள்ளிப்போடுவார்கள். செகண்ட் ஹேண்ட் வாங்குபவருக்கு இது ஒரு நல்ல க்ளூ. ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்தால், முந்தைய ஓனர் மற்றதையும் ஒழுங்காகப் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம்.

வண்டி ரெடி, ஓட்டுறவர்?

பழைய 1800 பெட்ரோலோடு சேர்த்து 400 கிலோவைத் தாண்டும். ஓடும்போது அந்த எடை தெரியவே தெரியாது. சிக்னலில் கால் வழுக்கினால்தான் தெரியும். 60, 70 வயதில் முழங்கால் ஒத்துழைக்காதபோது, பலர் பின்னால் இரண்டு சக்கரம் வைத்து ட்ரைக்காக மாற்றிக்கொள்கிறார்கள். சிலர் விற்றுவிடுகிறார்கள். 1977-ல் அமெரிக்காவில் தொடங்கிய கோல்டுவிங் ரோடு ரைடர்ஸ் அசோசியேஷன், 2022-ல் கலைக்கப்பட்டது. அந்த மாதிரி ஆட்கள் கொடுக்கும் வண்டிகள்தான் அங்கே மார்க்கெட்டில் கிடைக்கும் நல்ல பீஸ்கள். சாவியோடு, ஆயில் மாற்றிய தேதி எல்லாம் பேனாவில் எழுதிய ஒரு பழைய நோட்டுப் புத்தகமும் வந்தால், பேரம் பேசாமல் வாங்கிடலாம்.