லேபிள் ஒட்டிய கை

சென்ற ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போயிருந்தபோது, அம்மா பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொடுத்தாள்.

"உங்க அக்கா கல்யாண கேசட்டு. லேப்டாப்புல போட்டுக் காட்டு. ஆயா பாடுனது அதுலதான் இருக்குது."

அம்மாவுக்கு டிவிடியும் கேசட்டுதான். உள்ளே மூன்று டிஸ்க்குகள், மூன்றிலும் ஒரே லேபிள். பின்னணியில் மயிலோடு முருகன், முன்னால் அக்காவும் மாமாவும், இருவருக்கும் நடுவில் டிஸ்க்கின் ஓட்டை. மேலே தமிழிலும் கீழே தெலுங்கிலும் பெயர்கள். வருடம் 2006.

டிரைவில் போட்டேன். சுற்றியது, தயங்கியது, தடதடவென்று மேசையையே அதிரவைத்தது, நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை டிரைவ் கண்டுகொள்ளவே இல்லை. எடுத்து மேசைமேல் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். ஓரம் அப்பளம் மாதிரி லேசாக வளைந்திருந்தது. லேபிளில் ஓரிடத்தில் காகிதம் கொப்புளித்திருந்தது. அந்தக் கொப்புளத்தை எனக்குத் தெரியும். அதன் நடுவில் ஒரு குண்டூசித் துளை இருக்கும். இருந்தது. குத்தியவன் நான்.

2006இல் இன்ஜினியரிங் முதல் வருட விடுமுறையில் ஊரில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். திருத்தணியில் முகூர்த்த நாள் என்றால் மலைமேல் வரிசையாகக் கல்யாணங்கள் நடக்கும். மேலே தாலி, கீழே மண்டபத்தில் சாப்பாடு. எல்லாவற்றையும் எடுத்து, வெட்டி, பாட்டுச் சேர்த்து டிவிடியாக்கிக் கொடுப்பது ஸ்டுடியோ அண்ணனின் தொழில். அதன் கடைசிக் கட்டம் என்னுடையது. ஏ4 ஸ்டிக்கர் தாள் ஒன்றில் இரண்டு வட்டங்கள் இருக்கும். இங்க்ஜெட்டில் அச்சடித்து, ஃபேனுக்குக் கீழே காயவைத்து, உரித்து ஒட்ட வேண்டும்.

ஒட்டுவதற்கென்றே அப்ளிகேட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் கருவி உண்டு. எங்களிடம் இருந்தது 50 டிஸ்க் அடுக்கி வரும் டப்பாவின் நடுத்தண்டு. லேபிளைப் பசைப்பக்கம் மேலே இருக்கும்படி தண்டில் மாட்டி, அதன்மேல் டிஸ்க்கைக் கவிழ்த்து இறக்க வேண்டும். டிஸ்க்கின் ஓட்டை 15 மில்லிமீட்டர். லேபிளின் ஓட்டை அதைவிடக் கொஞ்சம் பெரிது. அந்த இடைவெளிக்குக் கண்தான் கணக்கு. ஒரு தடவை பட்டால் பட்டதுதான். காற்றுக் குமிழி வந்தால் குண்டூசியால் குத்தித் துணியால் தேய்ப்பேன். அதில் எனக்குக் கைராசி என்று அண்ணன் சொல்வார்.

"எதுக்குண்ணா இவ்ளோ கஷ்டம்? மார்க்கர்ல பேர் எழுதிக் குடுத்துடலாமே" என்று ஒருநாள் கேட்டேன்.

"மார்க்கர்ல எழுதுனா திருட்டு விசிடி மாதிரி இருக்கும்டா. கல்யாணம் பண்ணவன் காசு குடுப்பானா?"

அந்தப் பதிலுக்குப் பின்னால் அந்தக் காலம் இருந்தது. 1982ஆம் ஆண்டு குண்டர் சட்டத்தில் 'வீடியோ திருடர்'களையும் சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2004இல் திருத்தம் கொண்டுவந்திருந்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுபவருக்கு உள்ள அதே சட்டம், படத்தைக் காப்பியடித்து விற்பவருக்கும். பேனாவில் பெயர் கிறுக்கிய வெள்ளி டிஸ்க் என்றாலே எல்லோருக்கும் அந்த ஞாபகம்தான். வண்ண லேபிள் ஒட்டினால்தான் அது கௌரவமான பொருள். ஆனால் நாங்கள் பார்த்து ஆசைப்பட்ட 'ஒரிஜினல்' சிடிகளில் காகிதமே கிடையாது. தொழிற்சாலையில் டிஸ்க்கின்மேலேயே நேராக மையால் அச்சடிப்பார்கள். அந்தத் தோற்றத்தை நாங்கள் பசையால் நகலெடுத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு மொழி லேபிள் எங்கள் ஊரின் கதை. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அங்கே போனது. ம.பொ.சி. முதலானோரின் எல்லைப் போராட்டம், படாஸ்கர் அளித்த தீர்ப்பு, 1959இல் எல்லை மாற்றச் சட்டம் என்று நீண்டு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு நகர்ந்ததே தவிரச் சம்பந்தம் பேசுவது நிற்கவில்லை. பெண் இங்கே என்றால் மாப்பிள்ளை நகரியிலோ புத்தூரிலோ இருப்பார். எங்கள் ஆயா தெலுங்கில் ஆரம்பித்த வாக்கியத்தைத் தமிழில் முடிப்பாள். அக்கா கல்யாணத்தில் அவள் பாடிய நலங்குப் பாட்டும் அப்படித்தான். எங்கே மொழி மாறுகிறது என்று சொல்ல முடியாது. அவள் 2009இல் இறந்துபோனாள். வேறு எதிலும் அவள் குரல் இல்லை.

லேபிளில் தமிழை பாமினி எழுத்துருவில் அடிப்பேன். தெலுங்கு அடிக்கத் தெரியாததால், கல்யாணப் பத்திரிகையை ஸ்கேன் செய்து பெயரை மட்டும் வெட்டி ஒட்டுவேன். பாமினியில் ஒரு விஷயம் உண்டு. திரையில் நாம் 'அம்மா' என்று பார்ப்பதை, கணினி எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் சேமித்து வைத்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அம்மா காணாமல் போய்விடுவாள். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010இல். அதற்கு முந்தைய நம் லேபிள்களும் பத்திரிகைகளும் இன்று பெரும்பாலும் இப்படி அரைப்புள்ளிகளாகக் கிடக்கின்றன. இதையெல்லாம் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் புரிந்துகொண்டேன். ஒரு பொருளின் பெயரை எங்கே, எதில் எழுதுகிறோம் என்பது சின்ன விஷயமில்லை.

இந்தக் கேள்வி டிஸ்க் என்ற பொருள் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. ஆரம்பகால பெர்லினர் தட்டுகளில் பெயரைத் தட்டிலேயே பொறித்தார்கள். காகித லேபிளை 1900 வாக்கில் கொண்டுவந்தவர் எல்ட்ரிட்ஜ் ஜான்சன். அதற்குப் பசை கிடையாது. அரக்குக் கலவையைச் சூடாக்கி அச்சில் அழுத்தும்போதே லேபிளையும் சேர்த்து அழுத்திவிடுவார்கள். பாட்டும் பெயரும் ஒரே அழுத்தத்தில் பிறக்கும். 1902இல் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவுசெய்தபோது, மூலத்தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய்த்தான் அச்சாக வேண்டும். அங்கே இருப்பவருக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே! அதனால் அவர் பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பார். லேபிள் கிழிந்துபோனாலும் பெயர் போகாது, குரலுக்குள்ளேயே இருக்கிறது.

நாங்கள் ஒட்டியது வேறு வகை. சிடியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். லேசர் அடியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் முழுவதையும் கடந்து மேலே போய்த்தான் படிக்கிறது. தகவல் இருக்கும் சாயப்படலமும், ஒளியைத் திருப்பும் உலோகப் படலமும் லேபிள் பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கின்றன. பளபளக்கும் பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு, நிஜமாகவே மென்மையான பக்கத்தைக் குண்டூசியால் குத்திக்கொண்டிருந்தேன். சிடியில் ஒட்டிய லேபிளை உரித்தால் உலோகப் படலமும் கூடவே உரிந்து வரலாம்.

டிவிடியில் தகவல் நடுவில் இருக்கிறது. 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்வது அது. அப்பாடா என்று இருக்க முடியாது. காகிதம் மழைக்காலத்தில் ஈரம் குடித்து விரியும், வெயிலில் சுருங்கும். பிளாஸ்டிக் அப்படிச் செய்யாது. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் டிஸ்க் வளையும். சிடியில் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரான் இடைவெளி, டிவிடியில் 0.74 மைக்ரான்தான். கொஞ்சம் வளைந்தாலும் லேசருக்குக் குறி தப்பும். லேபிள் மையம் விலகியிருந்தால் எடையும் ஒரு பக்கம் சாயும். டிவி பக்கத்திலிருந்த பிளேயரில் டிவிடி நிமிடத்துக்குச் சுமார் 600 முதல் 1,500 சுற்று சுற்றும், அதனால் அன்று யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கணினியின் 16 எக்ஸ் டிரைவில் அது ஏறத்தாழ 10,000 சுற்று வரை போகும்.

அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனத்துக்காக ஃபிரெட் பையர்ஸ் எழுதிய டிஸ்க் பராமரிப்புக் கையேடு 2003இலேயே வந்துவிட்டது. நெடுங்காலம் வைத்திருக்க வேண்டிய டிஸ்க்கில் ஒட்டும் லேபிள் வேண்டாம், ஒட்டிவிட்டால் உரிக்கவும் வேண்டாம் என்கிறது அது. நான் டப்பாத் தண்டில் கண்ணால் மையம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கையேட்டுக்கு மூன்று வயது.

லேபிள் மட்டும்தான் குற்றவாளி என்று சத்தியம் செய்ய மாட்டேன். சாயம் தானாகவும் மங்கும், பீரோவின் புழுக்கமும் சேர்ந்திருக்கும். ஆனால் அந்த வளைவை என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அப்போதுதான் அக்கா போனில் சொன்னாள்: "நகரியில மாமாவோட சித்தப்பா வீட்டுக்கும் ஒண்ணு குடுத்தோமே?"

மறுநாளே பஸ் பிடித்தேன். சித்தப்பா டிவி ஸ்டாண்டின் அடியில் கைவிட்டு, பிளாஸ்டிக் டப்பாவோடு எடுத்துத் தந்தார். லேபிள் இல்லை. மார்க்கரில் நான் எழுதிய கோணல் எழுத்து, தமிழில் மட்டும்.

"தம்பி, ஸ்டிக்கர் தீந்துபோச்சின்னு எழுதிக் குடுத்தியே, ஞாபகம் இருக்குதா? எல்லாருக்கும் போட்டோ போட்டது, எங்களுக்கு மட்டும் இப்படியான்னு ஒங்க சித்திக்கு அப்ப ரொம்ப வருத்தம்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "மன்னிச்சிக்கோங்க மாமா" என்றேன். எதற்கென்று அவருக்குப் புரிந்திருக்காது.

அன்று இரவு டிரைவ் சத்தமில்லாமல் சுற்றியது. கடைசிப் பத்து நிமிடம் படிக்கவில்லை. அதில் இருந்தது பந்திதான். நலங்கு முழுசாக இருந்தது. ஆயா வெட்கப்பட்டு வாயை முந்தானையால் மூடிக்கொண்டு, பக்கத்தில் யாரோ இடித்த பிறகு பாடினாள். அம்மா மூன்று தடவை போடச் சொன்னாள்.

உங்கள் வீட்டுப் பீரோவிலும் இப்படி ஒன்று இருக்கலாம். லேபிளை உரிக்காதீர்கள். வேகம் குறைவான பழைய டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடித்து, இந்த வாரமே நகலெடுத்துவிடுங்கள். பெயர் எழுத வேண்டுமென்றால் நீரில் கரையும் மை மார்க்கரில், ஓட்டையைச் சுற்றி இருக்கும் கண்ணாடி வளையத்தில் எழுதினால் போதும்.

நகலைக் குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, கெட்டுப்போன மூன்றையும் குப்பையில் போடப் போனேன். அம்மா வாங்கித் திரும்பவும் பீரோவில் வைத்துவிட்டாள்.

"படம் நல்லாத்தானே இருக்குது" என்றாள்.