பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடும் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பு

கோல சிலாங்கூர் மாவட்டத்தில் பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர் 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. தென்னமரம், புக்கிட் தாகார் தோட்டப் பக்கத்துப் பெரியவர்களின் வாயில் வருவது இன்னும் பழைய பெயர்தான். எந்தப் பெயரைச் சொன்னாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றே. கணினி வலையமைப்பிலும் இப்படித்தான். ஒவ்வொரு கணினிக்கும் 192.168.1.10 என்பது போன்ற எண் முகவரி உண்டு. மனிதர் நினைவில் வைப்பதோ பெயரை. அந்தப் பெயரையும் எண்ணையும் இணைக்கும் சின்னஞ்சிறு கோப்புக்கு 'ஹோஸ்ட்ஸ்' என்று பெயர்.

தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் ஆபீசில் சேர்ந்து, கிராணி எந்த லயத்தில் யார் என்று பார்த்து அனுப்பிய காலம் பலருக்கு நினைவிருக்கும். ஹோஸ்ட்ஸ் என்பது அந்தக் கிராணியின் மேசைப் புத்தகம். ஓர் இணையத்தளத்தின் பெயரைத் தட்டியதும், கணினி வழக்கமாக முதலில் இந்தப் புத்தகத்தைத்தான் நம்பும். அதில் இல்லாவிட்டால்தான் வெளியே உள்ள 'டிஎன்எஸ்' என்ற பெயர்ச் சேவையிடம் கேட்கும். புத்தகத்தில் வீட்டு எண் தவறாக இருந்தால் கடிதம் தவறான வீட்டுக்கே போகும், கணினி சந்தேகப்படாது.

1970-களில் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் முழுவதற்கும் இப்படி ஒரே பட்டியல்தான் இருந்தது. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில் எலிசபெத் ஃபெயின்லரின் குழு அதைப் பராமரித்தது. கணினிகள் பெருகியதும் ஒரே பட்டியலைத் திருத்தி எல்லாருக்கும் அனுப்புவது கட்டுப்படியாகவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வகுத்தார். பழைய பட்டியல் மறையவில்லை. ஒவ்வொரு கணினிக்குள்ளும் தங்கிவிட்டது.

விண்டோஸ் கணினியில் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்து போனால் இந்தக் கோப்பு கிடைக்கும். ஒரு வரியில் முதலில் எண், பிறகு இடைவெளி, பிறகு பெயர். அதே வரியில் இன்னொரு பெயரும் சேர்க்கலாம், பெஸ்தாரி ஜெயாவோடு பத்தாங் பெர்ஜுந்தையையும் எழுதுவது போல. # குறியில் தொடங்கும் வரியைக் கணினி படிக்காது. திருத்துவதற்கு நோட்பேடை நிர்வாகி உரிமையோடு திறக்க வேண்டும். புதிதாகப் பெயரிட்டுச் சேமிக்கும்போது நோட்பேட் தானாக '.டிஎக்ஸ்டி' என்று வால் ஒட்டிவிடக்கூடும். பலர் இங்கேதான் இடறுகிறார்கள். வால் ஒட்டிய கோப்பைக் கணினி கண்டுகொள்ளாது.

இணைய வேகம் குறைந்த தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிக்கு இது கைகொடுக்கும். பாடங்களை ஆசிரியரின் கணினியில் வைத்து, மாணவர் கணினிகளில் அதன் எண்ணையும் எளிய பெயரையும் ஒரு வரி எழுதினால் போதும். இணையம் அறுந்தாலும் பாடம் திறக்கும். ஆனால் அந்த எண் மாறாதபடி ரவுட்டரில் ஒதுக்கி வைக்க வேண்டும். இருபது கணினி இருந்தால் இருபது முறை எழுத வேண்டும் என்ற பழைய தொல்லையும் உண்டு. பெயர் ரோமன் எழுத்தில் இருப்பதே பத்திரம். (சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும் தமிழிலேயே நாட்டு இணைய முகவரி உண்டு, மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் மட்டும்.)

ஆபத்தும் இதே வரியில்தான். 2004-இல் பரவிய மைடூம் வைரஸின் இரண்டாவது வடிவம், ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்தி வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் தளங்களைத் திறக்க விடாமல் செய்தது. வங்கியின் பெயருக்கு முன்னால் மோசடிக்காரனின் எண்ணை எழுதிவிட்டால், முகவரியைப் பிழையில்லாமல் தட்டினாலும் போலித் தளம் வரும். அப்போது பெரும்பாலும் பிரவுசர் சான்றிதழ் சரியில்லை என்று எச்சரிக்கும். அதைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. திருட்டு மென்பொருள் போட்டுத் தருபவர்கள் இந்தக் கோப்பில் கை வைப்பது சாதாரணம் என்பதால், கடையில் கொடுத்து வாங்கிய கணினியில் ஒருமுறை பார்ப்பது நல்லது.

புதிய விண்டோஸில் பெரும்பாலும் எல்லா வரியும் # குறியோடு இருக்கும். குறி இல்லாமல் வங்கியின் பெயர் தென்பட்டால் வரியை நீக்கிவிட்டு வைரஸ் சோதனை நடத்த வேண்டும். வைரஸ் உள்ளேயே இருந்தால் மறுபடி எழுதிவிடும். வங்கிக் கடவுச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் தாமதிக்காமல் வங்கியையும் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையும் அழைக்க வேண்டும்.