வீட்டு முயல்களில் அரிப்பும் சொறியும்: கண்டறியும் முறை, போக்கும் வழி

இராயபுரம், காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று வட சென்னையில் இடம் குறைந்த வீடுகளிலும் மொட்டை மாடியில் ஒரு கூண்டு வைத்து முயல் வளர்க்கிறார்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று வாங்கிய ஒரு ஜோடி, சில மாதங்களில் குட்டி போட்டுப் பெருகிவிடும். கூண்டு மட்டும் அதே கூண்டாக இருக்கும். அரிப்பும் சொறியும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் தொடங்குகின்றன.

முயல் சொறிவதைப் பார்த்ததும் பலர் உப்புக் காற்று, நிலக்கரித் தூசி, வெயில் சூடு என்று காரணம் சொல்லி விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் நாய்க்கு வாங்கிய மருந்தையே முயலுக்கும் போட்டுவிடுகிறார்கள். முதல் தவறால் நோய் முற்றுகிறது. இரண்டாவது தவறால் முயல் ஒரே நாளில் இறந்துபோகலாம். சரியான நேரத்தில் காட்டினால், முயல் சொறி எளிதாகவும் குறைந்த செலவிலும் குணமாகக்கூடிய நோய்.

எது இயல்பு, எது நோய்?

முயல் நாள்தோறும் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும். காதைக் காலால் ஓரிரு முறை தட்டுவதும் வழக்கம்தான். பருவம் மாறும்போது முடி கொத்தாக உதிரும். அந்த இடத்தில் தோல் வழவழப்பாக, புண்ணோ செதிலோ இல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். சினைப் பெண் முயல் 30 நாள் நெருங்கும்போது நெஞ்சு, வயிற்று முடியைப் பிய்த்துக் கூடு கட்டும். அதுவும் நோய் அல்ல.

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சொறிவது, தலையை உதறுவது, தோலில் பொருக்கு கட்டுவது, தீனி குறைவது ஆகியவை நோயின் அறிகுறிகள். இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் முயலை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து உடல் முழுவதும் பாருங்கள்.

அரிக்கும் இடமே காரணத்தைச் சொல்லும்

* காதின் உள்ளே: பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காகப் பொருக்கு, தலை உதறல், ஒரு காது தொங்குதல் இருந்தால் காது சொறி. மிகச் சிறிய உண்ணிகள் காதின் தோலைக் கடித்து, கசியும் நீரை உண்டு வாழ்கின்றன. முற்றினால் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.
* மூக்கு, உதடு, கண் ஓரம், கால் விரல்கள், காது நுனி: சாம்பல் வெள்ளை நிறத்தில் சுண்ணாம்பு பூசியது போன்ற பொருக்கு இருந்தால் தோல் சொறி. இந்த உண்ணிகள் தோலுக்குள் குடைந்து முட்டையிடுகின்றன. அரிப்பு மிகக் கடுமையாக இருக்கும். வாயைச் சுற்றிப் பரவியதும் முயல் தின்பதை நிறுத்திவிடும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.
* முதுகு, கழுத்துப் பின்புறம்: பொடுகு போன்ற செதில்கள் உதிர்ந்தால் முடியில் வாழும் உண்ணிகள் காரணமாக இருக்கலாம்.
* உடலெங்கும், குறிப்பாக வால் அடியிலும் கழுத்திலும்: கருப்புத் துகள்கள் தெரிந்தால் தெள்ளுப்பூச்சி. தெருப் பூனை, நாயிடமிருந்து தொற்றும்.
* வட்ட வட்டமாக முடி கொட்டி, விளிம்பு சிவந்திருந்தால் படர்தாமரை. இது பூஞ்சையால் வருவது. இதில் அரிப்பு குறைவாகவும் இருக்கலாம்.
* தாடைக்குக் கீழே ஈரமாக, துர்நாற்றத்துடன் முடி கொட்டினால் தண்ணீர்க் கிண்ணத்தில் நனைந்து நனைந்து வந்த புண். பற்கள் அதிகமாக வளர்ந்து எச்சில் வடிந்தாலும் இப்படி ஆகும்.
* பின்புறமும் பாதமும் சிவந்து முடியில்லாமல் இருந்தால் சிறுநீரும் ஈரக் கூண்டும் காரணம்.

வீட்டில் செய்யக்கூடிய இரண்டு சோதனைகள்

முதல் சோதனைக்கு ஒரு கருப்புத் தாளை விரித்து, அதன் மேல் முயலின் முதுகு முடியைச் சீப்பால் வாருங்கள். விழுந்த வெள்ளைச் செதில்களை ஓரிரு நிமிடம் உற்றுப் பாருங்கள். செதில் நகர்வது போலத் தெரிந்தால் அது உண்ணி.

இரண்டாவது சோதனைக்கு, வாரும்போது விழுந்த கருப்புத் துகள்களை நனைத்த வெள்ளைத் தாளில் வையுங்கள். துகளைச் சுற்றிச் செந்நிறம் பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். நிறம் மாறாவிட்டால் வெறும் தூசி. எண்ணூர்ப் பக்கம் சாம்பலும் கரித்தூளும் மாடிகளில் படிவதால் இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வது நல்லது.

இந்தச் சோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. தோலுக்குள் குடையும் உண்ணியைக் கண்டறிய மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

சிகிச்சை

காது சொறி, தோல் சொறி இரண்டுக்கும் கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் ஐவர்மெக்டின் ஊசியைத் தோலுக்கு அடியில் போடுகிறார்கள். வழக்கமான அளவு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் 1 சத மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. 2 கிலோ முயலுக்கு 0.2 கணக்கில் 0.04 மில்லி போதும். அது ஒரு சொட்டுக்கும் குறைவு. மாட்டுக்குப் போடும் சிரிஞ்சில் இந்த அளவை யாராலும் சரியாக எடுக்க முடியாது. அதனால்தான் இதை எடை பார்த்து மருத்துவரே போட வேண்டும் என்கிறோம். தோலில் சொட்டாக விடும் செலமெக்டின் மருந்தையும் மருத்துவர் பரிந்துரைக்கலாம்.

ஒரு ஊசியோடு நிறுத்திவிடுவதுதான் நோய் திரும்ப வருவதற்கு முக்கியக் காரணம். மருந்து உயிருள்ள உண்ணிகளைக் கொல்லும், முட்டைகளைக் கொல்லாது. முட்டை பொரித்து வளர்ந்து மீண்டும் முட்டையிட இரண்டு, மூன்று வாரம் ஆகும். எனவே 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டாவது ஊசியும், மருத்துவர் சொன்னால் மூன்றாவதும் போட வேண்டும். முதல் ஊசிக்குப் பின் அரிப்பு குறைந்து முயல் நன்றாகத் தின்னத் தொடங்கிவிடும். அப்போது 'சரியாகிவிட்டது' என்று இருந்துவிடாதீர்கள்.

அரிப்பது ஒரு முயலுக்கு மட்டும் என்றாலும், அந்தக் கூண்டிலும் பக்கத்துக் கூண்டுகளிலும் உள்ள எல்லா முயல்களுக்கும் ஒரே நாளில் சிகிச்சை அளிக்க வேண்டும். சினை முயல், பால் கொடுக்கும் முயல் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். இறைச்சிக்காக வளர்ப்பவர்கள், ஊசிக்குப் பின் எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காதுப் பொருக்கைப் பிய்த்து எடுக்காதீர்கள். அதன் அடியில் பச்சைப் புண் இருக்கும், வலியும் ரத்தக் கசிவும் அதிகமாகும். உண்ணி செத்த பிறகு ஒன்று, இரண்டு வாரத்தில் பொருக்கு தானே காய்ந்து விழும். மூக்கு ஓரப் பொருக்கு மென்மையாக, சிறிது தேங்காய் எண்ணெய் தடவலாம். வேப்ப எண்ணெய் தடவுவதால் மேல்தோல் ஆறலாம். ஆனால் தோலுக்குள் இருக்கும் உண்ணி அதனால் ஒழியாது. ஊசிக்குப் பதிலாக அதை நம்பி நாள் கடத்தக்கூடாது.

செய்யக்கூடாதவை

* நாய்க்கு விடும் பிப்ரோனில் கலந்த சொட்டு மருந்தையோ தெளிப்பானையோ முயலுக்குப் பயன்படுத்தவே கூடாது. வலிப்பு வந்து இறந்துவிடும்.
* பட்டறையில் கிடைக்கும் பழைய இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் தடவக்கூடாது. முயல் தன் உடலை நக்கும், விஷம் வயிற்றுக்குள் போய்விடும்.
* குளிப்பாட்டக்கூடாது, மருந்து நீரில் முக்கியெடுக்கவும் கூடாது. முயல் மிரண்டு அதிர்ச்சியில் இறக்கலாம். நனைந்த முடி எளிதில் காயாது.
* புண் ஆறட்டும் என்று அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்ற மாத்திரைகளை வாய்வழி கொடுக்கக்கூடாது. முயலின் குடலில் உள்ள நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் அழிந்து, கழிச்சல் கண்டு இறக்கும்.
* சொறியாமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் வளையம் மாட்ட வேண்டாம். முயல் தன் மென் புழுக்கையைத் தின்றாக வேண்டும். வளையம் அதைத் தடுக்கும்.

கூண்டைச் சுத்தம் செய்யாமல் சிகிச்சை முடியாது

காது சொறி உண்ணி, ஈரப்பதம் இருந்தால், முயலின் உடலை விட்டு வெளியே விழுந்தும் மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும். கடலோரக் காற்றில் ஈரப்பதம் எப்போதும் அதிகம். ஊசி போடும் நாளிலேயே பழைய சாக்கு, வைக்கோல், அட்டைப் பெட்டி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். கம்பிக் கூண்டைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து, நன்றாக அலசி, வெயிலில் காயவிடுங்கள். இரும்புக் கூண்டானால் தீச்சுடர் காட்டலாம். அப்போது முயல்கள் வேறு இடத்தில் இருக்க வேண்டும். மரக் கூண்டின் இடுக்குகளில் உண்ணி தங்கும் என்பதால் அதைக் கூடுதல் கவனத்துடன் சுத்தம் செய்ய வேண்டும். சீப்பு, தீனித் தட்டு, பிள்ளைகள் முயலைத் தூக்கும் துண்டு ஆகியவற்றையும் வெந்நீரில் கழுவுங்கள். இரண்டாவது ஊசி நாளிலும் இதையே திரும்பச் செய்யுங்கள்.

நம் பகுதியில் கூடுதல் கவனம்

வெயில்: முயலுக்கு வியர்க்காது. காதுகள் வழியாகத்தான் உடல் சூட்டை வெளியேற்றுகிறது. 30 டிகிரிக்கு மேல் போனாலே தவிக்கும். காதில் சொறி உள்ள முயலுக்கு மே மாத மொட்டை மாடி மிகவும் ஆபத்து. தகரக் கூரைக்கு மேல் தென்னங்கீற்று போட்டு, பகலில் நிழலுக்கு மாற்றுங்கள்.

ஈக்கள்: காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் ஈத் தொல்லை அதிகம். பின்புறம் நனைந்தோ புழுக்கை ஒட்டியோ இருந்தால் ஈ முட்டையிட்டு, ஒரே நாளில் புழு வைத்துவிடும். மழைக்காலத்தில் காலை, மாலை இருவேளையும் வாலுக்கு அடியில் பாருங்கள்.

எண்ணெய்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவு, எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய குடியிருப்புகள் வரை படிந்தது. அதுபோன்ற நேரத்தில் கூண்டை முதலில் மாடிக்கு ஏற்றுங்கள். முடியில் எண்ணெய் பட்டுவிட்டால் உலர் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு வெதுவெதுப்பான நீரில் சிறிது மென்மையான சோப்பு கலந்து அந்த இடத்தை மட்டும் துடைத்து, உடனே ஈரம் போக உலர்த்துங்கள்.

வீட்டாருக்குத் தொற்றுமா?

தோல் சொறி உண்ணியும் படர்தாமரையும் மனிதருக்கும் வரும். முயலைத் தூக்கும் பிள்ளையின் முன்கை, வயிறு, கழுத்தில் அரிக்கும் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் முயலையும் சேர்த்துப் பாருங்கள். முயல் உண்ணி நம் உடலில் பெருகாது. முயல் குணமானால் நம் அரிப்பும் சில வாரங்களில் அடங்கும். படர்தாமரைக்குத் தனி மருந்து தேவை. பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டும்போது, வீட்டில் முயல் இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். பயந்து முயலைத் தெருவில் விட்டுவிட வேண்டாம். நாய்க்கும் வாகனத்துக்கும் அது ஒருநாள்கூடத் தப்பாது.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டியவை

12 மணி நேரத்துக்கு மேல் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருத்தல், தலை சாய்தல், புண்ணில் புழு, மூக்கைப் பொருக்கு மூடி மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

வட சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதிகத் தொலைவில்லை. 1903-ல் தொடங்கிய இந்தக் கல்லூரி இன்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. வெயில் ஏறும் முன், காற்றோட்டமான கூடையில், வழியில் தின்ன கொஞ்சம் புல்லோடு கொண்டு போங்கள். காதுப் பொருக்கைத் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். மருத்துவர் நோயைக் கண்டுபிடிக்க அதுதான் உதவும்.

வரும் முன் காக்க

* புதிதாக வாங்கிய முயலை மூன்று வாரம் தனியே வைத்து, காதையும் மூக்கையும் கவனித்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.
* ஆண், பெண் முயல்களைப் பிரித்து வையுங்கள். நெரிசல் குறைந்தாலே சொறி பாதி குறையும்.
* தண்ணீரைக் கிண்ணத்துக்குப் பதில் நிப்பிள் பாட்டிலில் கொடுங்கள்.
* புல், அகத்தி, வேலிமசால் போன்ற நார்ச்சத்துள்ள தீனி கொடுங்கள். பல் தேயும், உடல் பருக்காது. பருத்த முயலால் தன் முதுகையும் பின்புறத்தையும் நக்கிச் சுத்தம் செய்ய முடியாது.
* வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முயலின் இரு காதுகள், மூக்கு, நான்கு பாதங்கள், வால் அடி ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு முயலுக்கு இரண்டு நிமிடம் போதும். சொறி தொடங்கும்போதே கண்ணில் பட்டுவிட்டால், இரண்டு ஊசியில் முடிந்துவிடும்.